இடது சீட்டில் கேட்ட சத்தம்

ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. மலேசியாவின் வடக்கே, எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதால் அவசரமில்லாத காலை. ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். வாசல் விளக்கை அணைத்தேன். பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். சனிக்கிழமைக்கென்று ஒரு வேலை வைத்திருக்கிறேன்: காரின் டயர்களில் காற்று அளப்பது. பின்பக்க இடது டயரில் மட்டும் கொஞ்சம் குறைவு. அதைச் சரிசெய்துவிட்டு, மெர்கோங் கடைவரிசையில் இரண்டு தோசை தின்று, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்து, பீடோங்குக்குப் புறப்பட்டேன்.

முந்தைய நாள் மாலை என் தங்கை திலகம் தொலைபேசியில் அழைத்திருந்தாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை காலையில தினேஷ் வந்து காரை எடுத்துட்டுப் போறான். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை அதுல உக்காந்து பாருங்க."

தினேஷ் அவள் கணவருடைய அக்காள் மகன். பினாங்குப் பக்கம் வேலை. அவன் ஏன் காரை எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டேன்.

டர்போ கெட்டுவிட்டது என்று அவள் கணவர் சொல்கிறாராம். நடுவழியில் எஞ்சின் வெடித்து நிற்பதற்கு முன், சரிசெய்து ஓட்டத் தெரிந்தவன் கையில் கொடுத்துவிடலாம் என்று அவரே தினேஷைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். "நான் ஓட்டித்தான் கெட்டுப்போச்சுன்னு வாயால சொல்லல. ஆனா அதைத்தான் நினைக்கிறாரு," என்றாள். குரலில் அழுகை இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல் சொன்னாள்.

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரில் திலகத்தைப் பற்றி இதுவரை தனியாக எழுதியதில்லை. இந்த வாரம் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "அவரு சத்தம் போட்டதை எழுதாதீங்க. காரு சத்தம் போட்டதை மட்டும் எழுதுங்க," என்றாள். அப்படியே செய்கிறேன்.

வாத்தியார் கார்

திலகத்தின் கணவர் சந்திரன் என்னைவிட ஒரு வயது மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். ரப்பர்ப் பால் ஏற்றும் டேங்கர் லாரியைக் காலமெல்லாம் ஓட்டியவர். கனத்த வண்டியை மெதுவாக ஓட்டி அலுத்துப்போனதாலோ என்னவோ, சொந்தக் கார் மட்டும் பறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அவர் வாங்கியது பழைய உள்ளூர்க் கார். வெள்ளை நிறம், நான்கு கதவு, கையால் கியர் போடுவது. அதன் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து பாதியாக அறுபட்டு வரும் கார்களில் ஒன்றின் டர்போ எஞ்சினை அதில் உட்கார வைத்தார். அந்தப் பாதிக் காருக்கு எங்கள் பக்கம் ஹாஃப்கட் என்று பெயர். பரிசோதனைக்கு ஓட்டிப்போய், கிராண்டில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், புது எஞ்சின் எண்ணை ஏற்றி, எல்லாம் முறைப்படிதான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஓய்வுபெற்ற வாத்தியார் ஓட்டுகிற கார். கியர் மாற்றும்போதுதான் குட்டு வெளிப்படும். "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம். பக்கத்துக் காரில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

முதன்முதலில் அந்தச் சத்தத்தை நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது கேட்டேன். பின்னால் லாரி வந்து பிரேக் போடுகிறது என்று நினைத்துச் சாலையோரம் ஒதுங்கினேன். சந்திரன் மச்சான் காரிலிருந்து இறங்கி வந்து சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது. "லாரி பிரேக்குக்கும் டர்போவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. உங்களை நம்பி அளவை ஆபீஸ்ல எப்படி மச்சான் கோடு போடச் சொல்றாங்க?" என்றார். நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். அந்தக் கேலியை அவர் இன்னும் விடவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், அவர் கண்களில் இறங்கியது. வலது கண் முதலில் போனது. இடது கண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். வெளிச்சம் எது, நிழல் எது என்பது மட்டும் மிஞ்சியது.

குளிப்பாட்டப் போகிறவள்

திலகம் இருபதுகளின் தொடக்கத்தில் லைசன்ஸ் எடுத்தவள். தவறாமல் புதுப்பித்து வந்தாள். ஓட்டியதில்லை. வீட்டில் ஓட்டுவதற்கு ஆள் இருந்தது.

அவளுடைய வேலை பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்டுவது. பிரசவம் முடிந்த வீட்டுக்குக் காலையில் போய், தாய்க்கு எண்ணெய் தேய்த்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, துணி சுற்றிக் கொடுத்துவிட்டு வருவாள். பீடோங்கைச் சுற்றி அவள் கைபடாத குழந்தை குறைவு. முன்பெல்லாம் பஸ் போகும் இடத்துக்கு மட்டும் போவாள். தோட்டங்களுக்குள் போக வேண்டுமென்றால் மச்சானின் வேலை நேரம் பார்த்துக் காத்திருப்பாள். அவர் வர முடியாத நாட்களில் அந்தத் தாய்மார்களே தட்டுத்தடுமாறிக் குளிப்பாட்டிக்கொள்வார்கள்.

மச்சானுக்குக் கண் போன பிறகு, கார் மூன்று வாரம் வாசலில் அப்படியே நின்றது. நான்காவது வாரம் அவள் சாவியை எடுத்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப்போக வேறு வழி இல்லை என்றுதான் தொடங்கினாள். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் முதல் கியரிலேயே போய் முதல் கியரிலேயே திரும்பி வந்தாளாம். செம்பனைப் பழம் ஏற்றும் முள்ளு லாரிக்காரர்கள் குலைகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்களாம்.

இப்போது அந்த டர்போ காரில்தான் அவள் வேலைக்குப் போகிறாள். பஸ் எட்டிப் பார்க்காத தோட்டங்களுக்கும் போகிறாள். கைப்பேசியில் கூப்பிடும் வாடகைக் கார் எதுவும் அந்த மண் சாலைக்குள் வராது. காரை தினேஷ் எடுத்துக்கொண்டு போய்விட்டால், அவள் மறுபடி பஸ் ஓடும் தெருக்களுக்குள் அடங்கிவிடுவாள். அதைத்தான் அவள் தொலைபேசியில் சொல்லாமல் சொன்னாள்.

மூன்று சத்தம்

பீடோங் போய்ச் சேர்ந்தபோது மச்சான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் காரின் சத்தத்தை முனையிலேயே அடையாளம் கண்டு, "டயர்ல காத்து பார்த்துட்டுத்தானே வர்றீங்க?" என்றார்.

வாசகர்களில் பலருக்கு டர்போ என்பது காரின் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு சொல் மட்டும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மச்சான் எனக்குப் பல வருடங்களாகச் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை சும்மா போகாமல் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அதிகக் காற்று, அதிக வேகம்.

கியர் மாற்ற ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினின் வாய் மூடிக்கொள்ளும். சக்கரம் மட்டும் சுழல்வதை உடனே நிறுத்தாது. அழுத்தப்பட்ட காற்றுக்குப் போக இடமில்லை. அதை வெளியே விடுவதற்கு ஒரு வால்வு. அந்த வால்வை ஒரு ஸ்பிரிங் மூடிப் பிடித்திருக்கும். காலை எடுத்ததும் எஞ்சினுக்குள் உண்டாகும் உறிஞ்சல், ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அந்த வால்வைத் திறக்கும். அப்போது வருவதுதான் "புஸ்ஸ்". கம்பெனியிலிருந்து வரும் டர்போ கார்கள் பெரும்பாலும் இந்தக் காற்றை வெளியே விடாமல் உள்ளுக்கே திருப்பிவிடும். அதனால் பெருமூச்சு அளவுக்குத்தான் கேட்கும். மச்சானுடையது வெளியே விடுகிற ரகம்.

இது நல்ல சத்தம்.

இரண்டாவது, வேகமெடுக்கும்போது விடாமல் கேட்கும் "ஸ்ஸ்ஸ்". அது எங்கோ குழாயில் வெடிப்பு. சைக்கிள் டியூபில் முள் ஏறியதுபோல.

மூன்றாவது, "துத்துத்து". வால்வு திறக்கவில்லை என்று பொருள். வழியில்லாத காற்று வந்த வழியே திரும்பி, சுழலும் சக்கரத்தின் இதழ்களில் மோதித் துடிக்கிறது. பெரிய அழுத்தத்தில் இது தொடர்ந்து நடந்தால் சக்கரத்தின் அச்சு தேய்ந்துபோகும் என்பது மச்சானின் பயம். "புறா கழுத்துல இருந்து பேசுற மாதிரி இருக்கும். பையனுங்க அதை ஸ்டைல்னு நினைக்கிறானுங்க. எனக்கு அது இருமல்," என்பார்.

இரண்டு மாதமாக இந்த மூன்றாவது சத்தம்தான் அவருடைய காரில் கேட்கிறது.

ஜோசப் பார்த்தது

"ஜோசப் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன். ஜோசப் அந்த எஞ்சினைப் பொருத்திய போமன். மெக்கானிக்கை எங்கள் பக்கம் போமன் என்றுதான் சொல்வோம்.

ஜோசப் இரண்டு முறை காரை எடுத்துப்போய் ஓட்டிப் பார்த்துவிட்டார். இரண்டு முறையும் "புஸ்ஸ்" என்றுதான் வந்ததாம். குழாயை மாற்றி, வால்வைக் கழற்றித் துடைத்துப் போட்டு, ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து திலகம் ஓட்டினால் மறுபடி துத்துத்து.

"டாக்டர் முன்னாடி மட்டும் காய்ச்சல் இறங்குற நோயாளி மாதிரிலா இது. எப்ப நல்லா இருக்கும், எப்ப இருமும்னு தெரியாத வண்டியில அவளைத் தோட்டத்துக்குள்ள அனுப்பிட்டு நான் வீட்டுல உக்காந்திருக்க முடியாது மச்சான்," என்றார்.

காரை அவர் வெறுத்துக் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செம்பனைக் காட்டுக்குள் கார் நின்றுவிட்டால் தேடிப்போக அவரிடம் கண் இல்லை.

திலகம் சமையலறையிலிருந்து வந்து, கோத்தா கோலா மூடாவுக்கு மீன் வாங்கப் போகலாம், அண்ணனும் சத்தத்தைக் கேட்கட்டும் என்றாள்.

கிசுகிசு ஏலம்

நான் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். திலகம் ஓட்டினாள். மச்சான் இடது சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, காதை வெளியே கொடுத்தபடி.

ஒன்று சொல்ல வேண்டும். நான் பயந்துகொண்டுதான் ஏறினேன். முதல் கியரிலேயே போனவள் என்ற கதைதான் என் மனதில் இருந்தது. பெரிய சாலையில் ஏறியதும் கார் சீறிக்கொண்டு எழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு என்று அவள் கியர் மாற்றியது கியர் கம்பியைப் பார்த்தால்தான் தெரிந்தது. உடம்புக்குத் தெரியவில்லை. ஒரு பாம்புப் பஸ்ஸை முந்தினாள். நீளமான பஸ் அது. முந்தி முடித்து இடப்பக்கம் வந்த பிறகுதான் முந்தினோம் என்று உறைத்தது.

ஆனால் ஒவ்வொரு கியருக்கும் அந்தச் சத்தம். துத்துத்து.

"கேட்டீங்களா மச்சான்?" என்பார் அவர். கேட்டேன் என்பேன். திலகம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோத்தா கோலா மூடா மீன் சந்தையைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஏலம் கத்தி நடப்பதில்லை. வாங்க நினைப்பவர் விற்பவரின் தோளில் கை போட்டு, காதருகே குனிந்து, தன் விலையைக் கிசுகிசுக்க வேண்டும். எல்லோரும் கிசுகிசுத்து முடித்ததும், விற்பவர் யாராவது ஒருவர் பக்கம் கூடையைத் தள்ளிவிடுவார். மற்றவர்கள் என்ன விலை சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. படகுகள் வந்து இறங்கும் நேரத்தில் அத்தனை பேர் கூடி நின்றும், அந்தக் கொட்டகையில் ஐஸ் உடையும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

மச்சான் திலகத்தின் தோளைப் பிடித்தபடி உள்ளே வந்ததும், கூடைக்குப் பக்கத்தில் நின்ற வயதான மலாய்க்காரர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார். கண் போன பிறகு இந்த ஆளின் காது பெரிதாகிவிட்டது, எல்லோருடைய விலையும் இவருக்குக் கேட்டுவிடும் என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். மச்சான், எனக்கு விலையெல்லாம் கேட்கவில்லை, காலையில் நீங்கள் பல் விளக்காதது மட்டும் தெரிகிறது என்று அதே மலாயில் திருப்பிச் சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்று அந்த ஒரு முறைதான்.

மடிக்கு வந்த மீன்

கெம்போங் மீனும் கொஞ்சம் இறாலும் வாங்கி, ஐஸ் போட்டு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்துக்கொண்டோம். கார் அருகே வந்ததும் மச்சான், திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். காதால் கேட்டது போதாது, அந்தத் துடிப்பு காலடியிலும் தெரியும், அதையும் பார்த்துவிட்டு நாளைக்குத் தினேஷிடம் நீங்களே சொல்லுங்கள் என்றார்.

திலகம் மறுபேச்சு பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு, தொட்டியோடு பின்சீட்டில் ஏறினாள்.

நான் தானியங்கி கியர் காருக்குப் பழகிப் பல வருடம் ஆகிறது. கிளட்சைத் தேடிப் பிடித்துக் கிளம்பினேன். பெரிய சாலையில் ஏறி, கொஞ்சம் அழுத்தி, சுடுகல்லை மிதித்தவன்போல் காலை எடுத்து இரண்டாவது கியர் போட்டேன்.

புஸ்ஸ்.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்றாவது போட்டேன். மறுபடி புஸ்ஸ், முன்னைவிடப் பெரிதாக. எங்கள் மூவரின் தலையும் ஒரே நேரத்தில் முன்னால் குலுங்கியது.

"பாத்தீங்களா? இப்ப நல்லா இருக்கு. சாகப்போற டர்போவோட குணமே இதுதான்," என்றார். அவர் குரலில் சந்தோஷமும் துக்கமும் கலந்திருந்தன.

அடுத்த கியருக்குப் பின்சீட்டில் ஏதோ சரிந்தது.

"அண்ணே, நிறுத்துங்க," என்றாள் திலகம்.

செம்பனை மரங்களின் ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தால், தொட்டி கவிழ்ந்து அவள் மடியெல்லாம் ஐஸ் தண்ணீர். இரண்டு கெம்போங் மீன்கள் அவள் முழங்கால்மேல் கிடந்தன. திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மீன்களை எடுக்கக்கூட இல்லை. தன் கணவரின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் இப்படித்தான் ஓட்டுவீங்க," என்றாள் அவரிடம்.

"எப்படி?"

"இப்ப அண்ணன் ஓட்டினாரே, அப்படி. நீங்க ஓட்டுன காலமெல்லாம் நான் அந்தச் சீட்டுலதான் உக்காந்திருந்தேன். என் கழுத்துக்குத் தெரியும்."

திலகம் இறங்கி வந்து என்னை நகரச் சொன்னாள். ஈரப் பாவாடையோடு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள். நான் பின்னால் போய் மீன்களைப் பொறுக்கினேன்.

சாலை காலியாக இருந்தது. வேகமெடுத்து, வெடுக்கென்று காலை எடுத்தாள். புஸ்ஸ். மச்சானின் தலை முன்னால் குத்தியது.

"இது உங்க கால்."

மறுபடி வேகமெடுத்தாள். இந்த முறை எப்போதும்போல, தூங்கும் பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுவதுபோல், மெல்லக் காலைத் தளர்த்திக் கியர் மாற்றினாள். துத்துத்து. அவர் தலை ஆடவில்லை.

"இது என் கால்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வெடுக்கென்று எடுத்தால் எஞ்சினின் வாய் ஒரேயடியாக மூடி, உறிஞ்சல் பலமாகி, வால்வு திறக்கும். பாதியும் முக்காலுமாகத் தளர்த்தினால் அந்த ஸ்பிரிங்கைத் தூக்கும் அளவுக்கு உறிஞ்சல் வராது. மிச்சக் காற்று சக்கரத்தில் மோதித் துத்துத்து என்று அடங்கும். ஜோசப்பும் வெடுக்கென்று எடுக்கிறவர். அவர் ஓட்டியபோது நோய் தெரியாமல் போனது அதனால்தான். மச்சான் தன் கால் எழுப்பிய சத்தத்தை மட்டும் அத்தனை வருடம் கேட்டு, அதுவே காரின் குரல் என்று நம்பியிருந்தார். இடது சீட்டில் உட்கார்ந்து இன்னொருவர் ஓட்டிக் கேட்டவரில்லை.

"ரெண்டு மாசமாத்தானே இந்தச் சத்தம் வருது? அதுக்கு முன்னாடியும் நீதானே ஓட்டின," என்றார் மச்சான். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கேட்டதுபோல் இருந்தது.

"ரெண்டு மாசமாத்தான் நான் ஹைவே ஏறுறேன். அதுக்கு முன்னாடி மாட்டு வண்டி மாதிரி உருட்டிட்டு இருந்தேன். டர்போ எங்க முழிச்சிருந்திச்சு?"

"சத்தம் மாறினது உனக்குக் கேக்கலையா?"

"கேட்டிச்சு. நான் ஓட்டினா இப்படிப் பேசும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

பிறகு மச்சான் கேட்டார்:

"ஏன் அப்படிப் பையப் பையக் காலை எடுக்கிற?"

"ஆபரேஷன் முடிஞ்சப்ப, தலை ஆடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல."

"அது முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு. கண்ணுதான் போயிருச்சே. இனி ஆடினா என்ன?"

"ஆடாம இருந்தா என்ன கெட்டுப்போச்சு?" என்றாள்.

அவர் கண்ணாடியை ஏற்றினார். பிறகு என்ன நினைத்தாரோ, மறுபடி இறக்கினார். பீடோங் வரும்வரை ஒவ்வொரு கியரையும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

முறுக்கினது யாரு

வீட்டுக்கு வந்ததும் நான் ஜோசப்பை அழைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். மச்சானுக்குக் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

ஜோசப் சிரித்தார். திலகம் அக்கா ஓட்டும்போது கூடவே உட்கார்ந்து பார்க்காதது தன் தப்பு என்றார். அக்கா ஓட்டும் வேகத்தில், அந்த அழுத்தத்தில், அந்தத் துடிப்பு ஒன்றும் செய்துவிடாது, பயமில்லாமல் ஓட்டலாம் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். அந்த வால்வின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் அதுதான்.

"சத்தம் கெத்தா வரணும்னு அதைக் கடைசி வரைக்கும் முறுக்கி வச்சது யாருன்னு சந்திரன் அண்ணனைக் கேளுங்க," என்றார்.

திலகம் இறாலுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "கேட்டாச்சு ஜோசப்பு, உங்க அண்ணன் வாயைத் திறக்கல," என்றாள்.

மச்சான் சற்று நேரத்தில் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கார் அருகே போனார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஆறு மூலைச் சாவி கேட்டார். உள்ளே கையை விட்டு, சூடு தணிந்த வால்வை விரலால் தேடிப் பிடித்து, சாவியைச் செருகினார். அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சுற்று தளர்த்தினார். நிறுத்தினார். பிறகு அதே ஒரு சுற்றைத் திரும்ப முறுக்கிவிட்டு, பானெட்டை மூடினார்.

"ஏன் மச்சான்?"

"தளர்த்தினா இந்தச் சத்தம் போயிரும்," என்றார்.

ஞாயிற்றுக்கு அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நான் அங்கேயே தங்கினேன். இரவு மீன் குழம்பு. தினேஷ் வருவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திலகமும் கேட்கவில்லை. அவனுக்காக எடுத்து வைத்த கிராண்டும் இரண்டாவது சாவியும் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் அப்படியே இருந்தன. அவள் அவற்றைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். கேட்டு முடித்துவிடு என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய்வரை வந்தது. நான் தலையிடுவதை அவள் விரும்பமாட்டாள் என்று விட்டுவிட்டேன். கணவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்து, மறுநாள் கட்டவேண்டிய புடவையை மடித்து வைத்தாள். ஞாயிறு கெடாவில் வேலை நாள். எட்டரைக்கு ஒரு தோட்டத்தில், பிறந்து பதினோராவது நாளான பெண் குழந்தை ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. காரில்லாவிட்டால் அங்கே எப்படிப் போவாள் என்று அவளும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை

மறுநாள் காலை அந்த வீட்டில் முதலில் நடந்தது இதுதான்.

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் மச்சானின் போன் அடித்தது. தினேஷ். பீடோங் பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டான். நடந்து வரட்டுமா, யாராவது மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டான்.

"அங்கேயே நில்லு. உன் அத்தை கார்ல வந்து ஏத்திக்குவா," என்றார் மச்சான். "சாப்பிட்டுட்டு மத்தியானப் பஸ்ல திரும்பிப் போயிரலாம்."

பிறகு, சத்தம் சரியாகிவிட்டதா மாமா என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது.

"இல்ல. சத்தம் இருக்கு," என்றார். "இருக்கட்டும்."

திலகம் ஈரத் தலையில் சுற்றிய துண்டோடு சமையலறை வாசலில் நின்றாள். துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மச்சான் செருப்பில்லாமல் அவள் பின்னாலேயே போய் கேட்டைத் திறந்துவிட்டார். கார் வெளியேறியது. முனையில் ஒரு கணம் நின்று, பெரிய சாலையில் ஏறி, வேகமெடுத்தது. வரிசை வீடுகளுக்கு அப்பாலிருந்து அந்தச் சத்தம் வந்தது, துத்துத்து என்று.

"ரெண்டு," என்றார் மச்சான்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் போனது, எதிர்வீட்டு நாய் குரைத்தது.

"மூணு," என்றார்.